பார்க்காத கதவுக்கு ஒரு துண்டு

நான்காம் லயம், கீழ்க்கணக்கு,
திம்புள்ள.
08.06.2025

அன்புள்ள மகள் லோஜினிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கக் கூடாதாம், உன் டாக்டரம்மா உத்தரவு. ஆகவே கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று ஐம்பத்தாறு வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் பாடம் படிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுதான் மேற்படிப்பு.

ஃபோனில் நான் உன்னோடு பேசக் கூடாது என்பது அவர் போட்ட இன்னொரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் அம்மா பேசலாம். என் வாய் மட்டும் ஆகாது. நீ ஒரு நாளைக்குப் பதினேழு தடவை கூப்பிட்டு, "அப்பா, வகுப்பப் பூட்டுறதுக்கு முன்னால உள்ள பாத்திருப்பேன்ல? புள்ளைங்க யாரும் உள்ள மாட்டியிருக்காதுல?" என்று கேட்டாயாம். நான் பதினேழு தடவையும், "பாத்திருப்ப புள்ள, எல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும்" என்று சொன்னேனாம். அப்படிச் சொன்னதுதான் வியாதிக்கு உரமாம். தேயிலைக்கே உரம் போடத் துப்பில்லாத தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வியாதிக்காவது உரம் போட்டிருக்கிறேன், பெருமைதான்.

கடிதம் எழுதலாமாம். கடிதம் போய்ச் சேர நாலு நாளாகும், அதற்குள் கேள்வி தானாகச் செத்துவிடுமாம். நம் தபால் இலாகாவை நம்பி வைத்தியம் செய்கிற முதல் டாக்டர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இருபத்தொன்பது வருஷமாகக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று துண்டு எழுதுகிறவன் நான். தோட்டத்தில் துண்டு இல்லாமல் எது நடக்கிறது? மருந்துக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, செத்தால் பெட்டிக்குத் துண்டு. அந்தப் பழக்கத்தில்தான், நீ ஜனவரியில் இறம்பொடைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போனபோது நூறு துண்டு எழுதித் தந்தேன். "வகுப்பறை பார்க்கப்பட்டது. உள்ளே யாரும் இல்லை. பூட்டப்பட்டது. ம. கந்தப்பன்." கதவைப் பூட்டியதும் நாளுக்கு ஒன்றாக எடுத்துப் படித்துவிட்டு நிம்மதியாகப் போ என்றேன். இதில் என்ன குற்றம்? அதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தாராமே. நீ அம்மாவிடம் சொன்னாய், அம்மா எனக்குச் சொன்னாள், சொல்லும்போது அவளும் சிரித்தாள். என் கையெழுத்தைப் பார்த்துத் தோட்டத்துப் பெரிய துரைகூடச் சிரித்ததில்லை. அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பழனியாண்டி இது செய்வினை என்கிறார். அம்மாவைக் கூட்டிப்போய் மூன்று எலுமிச்சம்பழம் வெட்டினார். மூன்றாவது பழம் அழுகல். செய்வினை எடுக்கிறவருக்கு நல்ல பழம் பார்த்து வாங்கத் தெரியவில்லை, இவர் பேயைப் பார்த்துப் பிடிக்கப் போகிறார். பிறகு, "கல்யாணம் பண்ணிக் குடுத்தா எல்லாம் சரியாயிரும் கந்தப்பா" என்றார். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். என்ன சரியாயிற்று என்று அவர் சம்சாரத்திடம் கேட்க வேண்டும்.

டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் இருபது துண்டு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உறையை நன்றாக உதறிப் பார். அவசரத்துக்கு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
துண்டு எழுதியே காலம் கழித்த உன் அப்பா,
ம. கந்தப்பன்


கமறியா அக்கா வீடு,
இறம்பொடை.
15.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இருபது துண்டும் கிடைத்தது. இரண்டே நாளில் முடிந்தது.

ஜனவரியில் உங்கள் துண்டு ஒன்று ஒரு நாள் தாங்கியது உண்மைதான். மார்ச்சில் பஸ் நிற்கிற ஹோல்ட் வரைக்கும்தான் தாங்கியது. இப்போது படித்து மடிப்பதற்குள், "இது அப்பா வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதினதுதானே" என்று மண்டைக்குள் ஒரு குரல். இன்னொன்றை எடுப்பேன். பிறகு இன்னொன்று. பிறகு திரும்பிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பேன். மேசைக்கடியில் யாராவது மறந்துவிட்டுப் போன புத்தகப்பை கிடந்தால், அது பிள்ளை சுருண்டு படுத்திருக்கிற மாதிரியே தெரியும். பை என்று தெரிந்த பிறகும் பை என்று நம்ப முடியாது. போன புதன்கிழமை மழையில் ஐந்து தடவை திரும்பிப் போனேன்.

ஐந்தாவது தடவை அதிபர் சண்முகவடிவு டீச்சர் பார்த்துவிட்டார். "லோஜினி டீச்சர், நீங்க புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்களா, பூட்டுக்குப் படிப்பிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆகஸ்ட் லீவோடு இது நிற்காவிட்டால் முதலாம் ஆண்டு வகுப்பும் சாவியும் வேறு ஆளுக்குப் போகும் என்றார். அவர் மேல் கோபமில்லை. நான் அதிபராக இருந்தால் எனக்குச் சாவியே தந்திருக்க மாட்டேன்.

டாக்டர் ரிஸ்னா சிரித்தது உங்கள் கையெழுத்தைப் பார்த்து இல்லை. "இந்த வகுப்ப உங்க அப்பா எப்பயாவது பாத்திருக்காரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்தான் முதலில் சிரித்தேன், அப்பா.

வைத்தியம் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பெயர் ஓசிடி. காலையில் ஒரு மாத்திரை, அது வேலையைக் காட்ட ஆறு எட்டு வாரமாகும். இப்போதைக்குக் குமட்டல் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதோடு ஓர் ஏணி. பயத்தைப் படிப்படியாக எழுதி, கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். முதல் படி, நான் வாடகைக்கு இருக்கிற கமறியா அக்கா வீட்டில் என் அறையை ஒரு தடவை மட்டும் பூட்டுவது. கடைசிப் படி, ஆகஸ்ட் லீவுக்கு வகுப்பை ஒரே தடவை பூட்டிவிட்டு, திரும்பிப் போய்ப் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், ஆடிக் கடைசி வெள்ளித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வருவது. பள்ளிக்கூடம் பத்து நாள் மூடியிருக்கும், நான் திம்புள்ளயில் இருப்பேன்.

ஒவ்வொரு படியிலும் பயம் கத்தும். கத்தட்டும், அதற்குப் பதில் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் வேலை. துண்டு வந்தால் எல்லாம் பாழ். கசிப்புச் சாராயத்தை விட நினைக்கிறவனின் வீட்டு வாசலிலேயே நீங்கள் போத்தலோடு நிற்கிறீர்கள், அதுவும் இலவசமாக.

இனிமேல் அனுப்பாதீங்க அப்பா. நான் கேட்டால் "தெரியாது" என்று மட்டும் சொல்லுங்கள். அழுது கேட்டாலும்.

அன்பு மகள்,
லோஜினி


திம்புள்ள.
06.07.2025

அன்புள்ள மகளுக்கு,

என்னைக் கசிப்புக்காரன் என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் பதில் எழுதக் கூடாது என்று நினைத்தேன். அது மூன்று வாரமாகிவிட்டது. கோபத்தில் எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது.

கோபம் தணியாமல், போன செவ்வாய்க்கிழமை லீவுத் துண்டு எழுதி, அதில் நானே என் பெயரைப் போட்டு, நுவரெலியாவில் உன் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். சண்டைக்குத்தான். சட்டைப் பையில் துண்டுப் புத்தகமும் இருந்தது. இரண்டு மணி நேரம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். சண்டைக்கு வந்தவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பசிதான் வரும், வீரம் வராது.

உள்ளே போனால், என் செருப்பை விட வயது குறைந்த பெண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

"நீங்கதான் கையெழுத்து அப்பாவா?" என்றார்.

"ஆமாங்க. அந்தத் துண்டுல என்னங்க பிழை?"

"நீங்க பாக்காத வகுப்ப பாத்ததா எழுதியிருக்கீங்களே."

"எங்க தோட்டத்துல அப்படித்தாங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பிச்சா ஒரு வேலையும் நடக்காது."

இதைச் சொல்லிவிட்டு, நான் நல்ல பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர், "அவங்க கேட்டு, நீங்க 'தெரியாது'ன்னு சொன்னா என்ன ஆகும்?" என்றார். புள்ளைக்குத் தூக்கம் வராது என்றேன். "அவங்களுக்கா, உங்களுக்கா?" என்றார்.

லோஜி, சட்டைப் பையிலிருந்த துண்டுப் புத்தகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். துண்டு எழுதி உறையை ஒட்டிய அன்றைக்கெல்லாம் நான்தான் நன்றாகத் தூங்கினேன். எட்டாம் வகுப்புக்காரனின் கள்ளத்தை மூன்று கேள்வியில் பிடித்துவிட்டார். அவரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செருப்பைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும், செருப்பு உண்மையிலேயே பழசு.

மண்டைக்குள் பேசுகிற குரலுக்கு ஒரு பெயர் வைத்தால் நல்லது என்றார். நான் யோசிக்கவே இல்லை, கண்டாக்கு என்று சொல்லிவிட்டேன். தேயிலை மலைக்கு மேற்பார்வைக்கு வந்து நின்று, கொழுந்து எடுத்து முடித்த நிரையையே மறுபடி எடு என்று கத்துகிற கண்டாக்கு. சப்பாத்தில் சேறு படாமல் ரோட்டிலேயே நிற்பான். செடியைத் தொட்டறியான், ஆனால் எந்தச் செடியில் என்ன விட்டுப்போயிற்று என்று அவனுக்கு மட்டும் தெரியும். உன் மண்டைக்குள் இருக்கிறவன் இதையே சம்பளம் வாங்காமல் செய்கிறான், அவ்வளவு மட்டமான ஆள். கொழுந்து எடுக்கிற அம்மா அந்த மாதிரி ஆளை இருபது வருஷமாக எப்படிச் சமாளிக்கிறாள்? சண்டை போட மாட்டாள், விளக்கம் சொல்ல மாட்டாள். "சரிங்கய்யா" என்பாள், அடுத்த நிரைக்குப் போய்விடுவாள். டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். நான் சொல்லி ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

எனக்கும் பயிற்சி உண்டு. வீட்டில் "தெரியாது" சொல்லிப் பழக வேண்டும். நேற்று அம்மா, "ரசத்துல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். அகப்பை என் தோளில் விழுந்தது. வைத்தியம் நல்ல வைத்தியம்தான், வலி மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

துண்டு வைக்கவில்லை.

அப்பா


இறம்பொடை.
22.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்டாக்கு என்ற பெயர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நேற்று வகுப்பை ஒரு தடவை பூட்டி, பஸ் ஹோல்டுக்கு வந்து, நாற்பது நிமிஷம் அங்கேயே இருந்தேன். "உள்ள ஒரு புள்ள அழுவுது, ஓடு" என்றார் கண்டாக்கு. "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு மாங்காய் வாங்கித் தின்றேன். மிளகாய்த்தூள் முழுக்கச் சேலையில் கொட்டியது. ஆனால் போகவில்லை. ஒரு நேரத்துக்குப் பிறகு அவருக்கே தொண்டை கட்டிவிட்டது.

குமட்டல் நின்றுவிட்டது. ஏணியில் இன்னும் இரண்டு படி.

அம்மாவிடம் தோளுக்கு எண்ணெய் போட்டுவிடச் சொல்லுங்கள்.

லோஜினி


இறம்பொடை.
07.08.2025, மாலை

அப்பா,

இன்று லீவு விட்டாகிவிட்டது. ஒரு தடவை பூட்டினேன். கமறியா அக்கா வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். நல்லபடியாகத்தான் வந்தேன்.

கடைசிப் பாடத்தில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடினார்கள். கிஷாந்த் என்று ஒரு வாண்டு இருக்கிறான், எப்போதும் அலுமாரிக்குப் பின்னால்தான் ஒளிவான். மணி அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள். அவன் ஓடியது எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அவன் முதுகு கண்ணில் வரவில்லை.

பிள்ளையைக் காணவில்லை என்றால் அவன் வீட்டார் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பார்கள் என்று தெரியும். அறிவுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. மற்ற நாளென்றால் மறுநாள் காலையில் கதவு திறக்கும். இது பத்து நாள் அப்பா. பத்து நாள்.

கமறியா அக்கா வீட்டுப் பின் ஜன்னலில் நின்றால் பள்ளிக்கூடத்துக் கூரை தெரியும். அங்கேயே நிற்கிறேன். அக்கா, "வாங்க மகள், சோறு தின்னுங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, தட்டை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் இங்கிருந்து போய்விட்டால் அந்தக் கூரையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? திருவிழாவுக்கு வரவில்லை.

ஒரே ஒரு துண்டு அனுப்புங்கள். பழைய மாதிரி. "உள்ளே யாரும் இல்லை" என்று எழுதி, கையெழுத்தோடு. நீங்கள் பார்க்கவில்லை என்று தெரியும், பரவாயில்லை, எழுத்து இருந்தால் போதும். அது வந்தால் வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிவிடுவேன். சத்தியம். டாக்டரிடம் நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள்.

நீங்க எழுதுவீங்க அப்பா. எனக்குத் தெரியும்.

லோஜி


திம்புள்ள.
11.08.2025

அன்புள்ள மகள் லோஜினிக்கு,

நேற்று நீ அம்மாவிடம் ஃபோனில் திருவிழாவுக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னாய். அம்மா ஏன் என்று கேட்காமல் வைத்துவிட்டாள். இன்று காலை உன் கடிதம் வந்தது.

உனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் துண்டு எழுதியாயிற்று. மடுவத்திலேயே, தராசுக்கு முன்னால் கொழுந்தோடு ஆள் நிற்கும்போதே எழுதினேன். கையெழுத்துப் போட்டு, கீழே கோடும் இழுத்து, உறையில் வைத்து ஒட்டினேன். இவ்வளவு அழகாக நான் துண்டு எழுதியதே இல்லை. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, தலவாக்கலைக்குப் போய்த் தபாலில் போடலாம் என்று சட்டையை மாற்றினேன்.

அம்மா உறையைப் பார்த்தாள்.

"துண்டா?"

"ம்."

"புள்ள வந்துருவாளா?"

"வந்துருவா பேச்சி. வெள்ளிக்கிழம பஸ்ஸுல."

"அடுத்த லீவுக்கு?"

"அப்பவும் ஒண்ணு எழுதுறது."

அவள் கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்தாள். "நீங்க செத்துப்போனா இவளுக்கு யாருங்க துண்டு எழுதுவா? ஒங்க பொட்டிக்கு எழுதுற அன்னிக்கே மிச்சத்தையும் சேத்து எழுதி வச்சிட்டுப் போயிருங்க" என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். நீ வர வேண்டும் என்று என்னை விட அதிகமாகத் தவிப்பது அவள்தான். உனக்கென்று வாங்கிய சேலையை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள், மூன்றோடு நிறுத்திவிட்டாள், உன் வியாதி அவள் பக்கத்திலிருந்து வந்தது இல்லை போலிருக்கிறது. என் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். உறையை வாங்கி அடுப்பில் வைத்தேன். மடுவத்துத் தாள் மட்டமான தாள், தீக்குச்சியைக் காட்டும் முன்னே எரிகிறது. இருபத்தொன்பது வருஷ உத்தியோகம் எவ்வளவு சீக்கிரம் சாம்பலாகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது.

இந்த ஒரு வார்த்தையை எழுத அரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் ஆறுதலாக இன்னொரு வரி எழுதினேன், அடித்தேன். கறுப்பாகத் தெரிகிற இடம் அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே, நன்றாக அடித்திருக்கிறேன்.

உன் கண்டாக்குக்கு ஒரு சேதி. என் மகளை ஜன்னலில் கட்டிவைத்து, ஒரு கூரைக்குக் காவல் போட்டிருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு உத்தியோகஸ்தனா? நீ இதுவரை ஒரு பிள்ளையையாவது காப்பாற்றியிருக்கிறாயா? ஒரு நாள் விடாமல் அபாயச் சங்கு ஊதியதைத் தவிர உன் வேலை என்ன? உனக்குக் கூடை தூக்கத் தெரியாது, தராசு பிடிக்கத் தெரியாது, வாய் மட்டும் தெரியும். உன்னை மாதிரி எத்தனை பேர் இந்த மலைக்கு வந்து கத்திவிட்டுப் போனார்கள் என்று என் சம்சாரத்தைக் கேள். ஒருத்தன் பெயரும் அவளுக்கு ஞாபகமில்லை.

திருவிழா வெள்ளிக்கிழமை. கரகம் கட்டிப் பாலிக்க ஆற்றுக்குப் போவது மாலை நாலு மணிக்கு. இந்த வருஷமும் பழனியாண்டிதான் சாமி ஆடப்போகிறார். சாமி வந்தால் எல்லாருக்கும் குறி சொல்வார், போன வருஷம் சொன்னது ஒன்றும் பலிக்கவில்லை என்று யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் சமைக்க அம்மா உருளைக்கிழங்கும் கருவாடும் வாங்கி வைத்திருக்கிறாள்.

வருவதும் வராததும் உன் விருப்பம். நீ பயத்தோடு வந்தாலும் வாசல் திறந்திருக்கும், பயத்தை வெளியே விட்டுவிட்டு வா என்று நான் சொல்லப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்பேனா என்று கேட்காதே. நான் எங்கே நிற்கிறேன் என்பது வைத்தியத்தில் சேராது.

இந்த உறையில் துண்டு இல்லை. உதறிப் பார்க்காதே.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அப்பா,
கந்தப்பன்


இறம்பொடை.
14.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையை உதறிப் பார்த்தேன். கிழித்து உட்பக்கமும் பார்த்தேன். அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறீர்கள், பாவி மனுஷன்.

பிறகு உங்களைத் திட்டினேன். கமறியா அக்கா கதவுக்கு வெளியே நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "யார மகள் இப்படி ஏசுறீங்க?" என்றார். எங்க அப்பாவை என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார். திட்டி முடிய இரண்டு மணி நேரமானது. முடிந்தபோது நான் ஜன்னலில் இல்லை, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எப்போது வந்து உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

கடைசிவரை நான் போய்க் கிஷாந்த் வீட்டில் விசாரிக்கவில்லை. வழி தெரியும், இரண்டு மைல்தான். போகவில்லை.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ் ஏறும் முன் தபாலில் போடுகிறேன். உங்களுக்கு இது திங்கட்கிழமைதான் கிடைக்கும். பிரித்து அம்மாவுக்குச் சத்தமாகப் படியுங்கள், லீவு முடிந்து அந்நேரம் நான் இங்கே வகுப்பைத் திறந்துகொண்டிருப்பேன்.

கதவைப் பூட்டினேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கண்டாக்கும் கூடவே வருகிறார், இறக்கிவிட முடியவில்லை. நின்றுகொண்டு வரட்டும். பஸ் போகிற வழியில் பள்ளிக்கூடம் வலது பக்கம் வரும். நான் வலது பக்க ஜன்னலோரம்தான் உட்காரப் போகிறேன். கூரை தெரியும்.

தெரியட்டும்.

லோஜினி